புதுசா வர்ற புக், கடைக்காரங்க கண்ணுல, லைப்ரரி கண்ணுல எப்படிதான் படுது?

தேனீத்தம்பி:

வணக்கம் மக்களே, ரொம்ப நாளா மண்டைய குடையுற கேள்வி ஒண்ணு. தேனீ வளர்ப்பு பத்தி ஒரு புக் எழுதி முடிச்சுட்டேன், எடிட்டிங் முடிஞ்சு லேஅவுட் போயிட்டு இருக்கு, சொந்தமாவே போடலாம்னு பிளான். எப்படி எழுதணும், எப்படி அச்சுக்கு குடுக்கணும்னு நெட்ல ஆளாளுக்கு பாடம் எடுக்குறாங்க, ஆனா அதுக்கப்புறம் என்னன்னு ஒருத்தரும் வாயத் திறக்க மாட்டேங்குறாங்க. வருஷத்துக்கு லட்சக்கணக்குல புது புக் வருது, அதுல இது வேணும் இது வேணாம்னு ஒரு கடைக்காரரோ லைப்ரரில வாங்குற பொறுப்புல இருக்கவங்களோ எப்படி முடிவு பண்றாங்க? யாராவது உக்காந்து படிச்சுப் பாக்குறாங்களா? ஒரு கடைல நேராவே போய் கேட்டேன், "சிஸ்டத்துல வரட்டும் சார், பாக்கலாம்"னு சொல்லி அனுப்பிட்டாங்க. அந்த சிஸ்டம்னா என்ன, அதுக்குள்ள எப்படி போறது? லைப்ரரிக்கு ஒரு காப்பி சும்மா குடுத்தா அடுக்குல வச்சிடுவாங்களா? தெரிஞ்சவங்க கொஞ்சம் விளக்கமா சொல்லுங்க ப்ளீஸ்.

அடுக்குக்காரன்:

தம்பி, கடைக்கு புக் வாங்குற வேலைலதான் இருக்கேன், உள்ள நடக்குறத அப்படியே சொல்றேன். முதல்ல ஒண்ணு, படிச்சுப் பாத்து வாங்குறது கிடையவே கிடையாது. முடியாது. நாங்க வாங்குற நேரத்துல பாதி புக்குக்கு முழு அச்சுப் பிரதியே இருக்காது, புக் வெளிவர்றதுக்கு நாலு மாசம் ஆறு மாசம் முன்னாடியே ஆர்டர் முடிஞ்சிடும். நாங்க பாக்குறது புக்க இல்ல, புக்கப் பத்தின தகவல.

பெரிய பதிப்பகம்னா சேல்ஸ் ரெப் வருவாரு, இல்லன்னா வீடியோ கால்ல உக்காருவாரு. அந்த சீசனோட கேட்டலாக் முழுக்க, நூத்துக்கணக்கான தலைப்பு, ஒரே உக்காரல்ல ஓடும். முன்னாடி அச்சடிச்ச கேட்டலாக், இப்ப பெரும்பாலும் எடல்வைஸ் மாதிரி ஆன்லைன்லதான். ஸ்கிரீன்ல ஒரு தலைப்புக்கு என்ன தெரியும்னா சின்னதா அட்டைப்படம், தலைப்பு, ஆசிரியர், விலை, பக்கம், வெளியாகுற தேதி, நாலு வரி அறிமுகம், எந்த வகைன்னு ஒரு கோடு (அதாவது குறியீடு), அப்புறம் இதே மாதிரி முன்னாடி வந்த ரெண்டு மூணு புக்கோட பேரு. அந்தக் கடைசி அயிட்டத்ததான் நான் முதல்ல பாப்பேன். ஏன்னா அந்த பழைய புக்கு எங்க கடைல எத்தனை போச்சுன்னு என் சிஸ்டம் பக்கத்துலயே காட்டும். ரெப் "இது பிரமாதமா போகும் சார்"னு சொல்லிட்டே இருப்பாரு, நான் அந்த எண்ணப் பாத்துட்டு "ரெண்டு, ரெண்டு, வேணாம், அஞ்சு, வேணாம், ஒண்ணு"ன்னு போட்டுட்டே போவேன். ஒரு தலைப்புக்கு அரை நிமிஷம் கிடைச்சா அதிகம். கொடூரமாதான் இருக்கும், ஆனா வேற வழி இல்ல.

நல்ல ரெப்னு ஒரு ஜாதி இருக்கு. "சார் இது உங்க கடைக்கு வேணாம், விடுங்க"ன்னு அவங்க வாயாலயே சொல்லுவாங்க. அப்படி சொல்றவர் அடுத்து "இத மட்டும் அஞ்சு எடுங்க"ன்னா கண்ண மூடிட்டு எடுத்துடுவேன். இந்த மாதிரி ஆளுங்க குறைஞ்சுட்டே வர்றாங்க, பல பதிப்பகத்துல அந்த வேலைய மெயில்ல வர்ற லிங்க் பாத்துக்குது.

ரெப் இல்லாத சின்ன பதிப்பாளர் புக்கெல்லாம் ஹோல்சேலர் வழியா வரும். "சிஸ்டத்துல வரட்டும்"னு உங்ககிட்ட சொன்னது இதத்தான். வெளிநாட்டுல இங்ராம், கார்ட்னர்ஸ் மாதிரி பெரிய ஹோல்சேலர் இருக்காங்க, ஆயிரக்கணக்கான பதிப்பகத்தோட புக்கு ஒரே அக்கவுண்ட்ல, ஒரே பில்லுல, ஒரே பார்சல்ல வந்துடும். கடைக்காரருக்கு அதுதான் வசதி. ஒவ்வொரு எழுத்தாளருக்கும் தனித்தனியா பில் போட்டு, காசு அனுப்பி, ஸ்டாக் பாத்து, விக்காதத திருப்பி அனுப்பின்னு எங்க முடியும் சொல்லுங்க. உங்க புக் நல்லா இல்லன்னு அவங்க திருப்பி அனுப்பல, உங்க ஒரு புக்குக்காக ஒரு புது அக்கவுண்ட் திறக்கணுமேன்னுதான்.

அடுத்தது, புக் வியாபாரத்துல விக்கலன்னா திருப்பி குடுத்துடலாம். வேற பல வியாபாரத்துல இந்தப் பழக்கம் இல்ல. அமெரிக்காவுல 1930கள்ல பொருளாதார மந்தம் வந்தப்ப கடைக்காரங்க புது புக் வாங்கவே பயந்தாங்க, அப்ப பதிப்பகங்க "விக்கலன்னா நாங்களே எடுத்துக்குறோம்"னு இறங்கி வந்தாங்க, அது அப்படியே நிலைச்சுடுச்சு. அதனால பேர் தெரியாத எழுத்தாளரோட புக்க பாத்ததும் என் மனசுல வர்ற முதல் கேள்வி "நல்லா இருக்கா" இல்ல, "ரிட்டர்ன் உண்டா". இல்லன்னா, எவ்ளோ அழகான அட்டையா இருந்தாலும் அடுத்த வரிக்குப் போயிடுவேன். டிஸ்கவுண்ட் எவ்ளோங்குறது அதுக்கடுத்த கேள்வி. பொதுப் புக்குன்னா கடைக்கு 40 சதவீதம் பக்கத்துல கிடைச்சாதான் வாடகை, சம்பளமெல்லாம் போக ஏதாச்சும் நிக்கும். 20 சதவீதம்தான்னா வாடிக்கையாளர் பேர் சொல்லி கேட்டா மட்டும் வரவழைச்சு குடுப்போம், அடுக்குல வைக்க மாட்டோம்.

கிடங்குப்பூனை:

அடுக்குக்காரன் அண்ணன் சொன்னதுக்கு அந்தப் பக்கத்துல இருந்து சொல்றேன். நான் விநியோக கம்பெனில டேட்டா பாத்துட்டு இருந்தவன். அவர் ஸ்கிரீன்ல தெரியுற அந்த அட்டைப்படம், விலை, நாலு வரி எல்லாம் எங்கிருந்து போகுதுன்னு நினைக்கிறீங்க? யாரும் உக்காந்து டைப் அடிக்கிறதில்ல. பதிப்பகம் ஒரு ஃபைல் அனுப்பும், ஓனிக்ஸ்னு பேரு. 2000-ல வந்த ஃபார்மேட், உலகம் பூரா புத்தக வியாபாரம் இதுலதான் ஓடுது. ஒரே ஃபைல் ஹோல்சேலருக்கு, ஆன்லைன் கடைக்கு, லைப்ரரி சப்ளையருக்குன்னு எல்லாருக்கும் போகும். அதுல தப்பு இருந்தா தப்பும் எல்லா இடத்துக்கும் போகும் 😂 பக்க எண்ணிக்கை 0-ன்னு போட்ட புக்கு, வெளியீட்டுத் தேதிய மாத்தாம விட்டதால ரெண்டு வருஷமா "விரைவில்"னே நிக்கிற புக்கு, எல்லாம் பாத்தாச்சு.

இந்த மொத்தத்துக்கும் சாவி ஐஎஸ்பிஎன்தான், அதாவது ஒவ்வொரு புக்குக்கும் குடுக்குற தனி அடையாள எண். 13 இலக்கம், 978 இல்ல 979-ல ஆரம்பிக்கும், 2007க்கு முன்னாடி 10 இலக்கமா இருந்துச்சு. ஐஎஸ்பிஎன் இல்லன்னா உங்க புக் கடையோட கம்ப்யூட்டரப் பொறுத்தவரை பிறக்கவே இல்ல. ஹார்ட் அட்டைக்கு ஒண்ணு, பேப்பர்பேக்குக்கு ஒண்ணு, ஈபுக்குக்கு ஒண்ணுன்னு தனித்தனியா வேணும், எல்லாத்துக்கும் ஒரே நம்பர் போட்டுட்டு ஆர்டர் குழம்புதுன்னு அழுறவங்க நிறைய.

இன்னொரு விஷயம், இது பலருக்கு தெரியாது. ஐஎஸ்பிஎன்னுக்குள்ளயே பதிப்பாளருக்குன்னு ஒரு பகுதி இருக்கு. பெரிய பதிப்பகத்துக்கு அந்தப் பகுதி சின்னதா இருக்கும், ஏன்னா மிச்ச இலக்கமெல்லாம் புக்குகளுக்கு வேணும். ஒரே ஒரு புக் போடுறவருக்கு அது நீளமா இருக்கும். பழகின ஆளு நம்பரப் பாத்தே இது எவ்ளோ பெரிய கம்பெனின்னு ஒரு அளவுக்கு சொல்லிடுவாரு. அச்சடிச்சு விக்கிற ஆன்லைன் தளங்க இலவசமா ஐஎஸ்பிஎன் குடுத்தா பாத்து எடுங்க, அந்த எண் அவங்க பேர்லதான் இருக்கும், பதிப்பாளர்னு உங்க பேரு வராது, நாளைக்கு வேற இடத்துல அச்சடிக்க அத தூக்கிட்டுப் போகவும் முடியாது. கடைக்காரங்களுக்கு அது பிடிக்காததுக்கு ஒரு காரணம், தனக்கே போட்டியா இருக்க தளத்துக்கிட்ட இருந்து புக் வாங்கி அடுக்கணுமான்னு ஒரு கடுப்பு. நியாயம்தானே.

வகை கோடு பத்தி அண்ணன் லேசா தொட்டுட்டுப் போயிட்டாரு. பைசாக்னு ஒண்ணு அமெரிக்காவுல, தீமான்னு ஒண்ணு 2013-ல இருந்து உலக அளவுல. இதுல "பொது"ன்னு முடியுற கோட போட்டு விட்டுடாதீங்க. விவசாயம், பொதுன்னு போட்டா டிராக்டர் புக்கோட போய் சேரும். தேனீ வளர்ப்புன்னு எவ்ளோ குறிப்பா போக முடியுமோ அவ்ளோ குறிப்பா போங்க.

ஸ்க்ரோல்ராஜா:

இதெல்லாம் பழைய கதை பாஸ். இப்ப யாரு கேட்டலாக் பாக்குறா? ஒரு வீடியோ வைரல் ஆனா போதும், கடைக்காரன் தானா தேடி வருவான். இந்த ஓனிக்ஸ் கோனிக்ஸ்லாம் படிச்சு தலைவலி வாங்காம ரீல்ஸ் போடுங்க தம்பி.

அடுக்குக்காரன்:

ராஜா, வைரல் ஆன வீடியோவ பாத்துட்டு அம்மா ஒருத்தங்க கடைக்கு வந்து போன்ல காட்டி "இந்த புக் இருக்கா"ன்னு கேப்பாங்க, நான் கம்ப்யூட்டர்ல தட்டுவேன், வராது. "இல்லம்மா." அவ்ளோதான், அந்த விற்பனை அங்கயே செத்துச்சு. தேடி வர்றவனுக்கு அகப்படணும்ல. டிமாண்ட் கிளப்புறது முக்கியம்தான், அத நான் மறுக்கல. தனியா ரெண்டு மூணு பேர் வந்து ஒரே புக்க ஆர்டர் போட்டாங்கன்னா அடுத்த தடவை அடுக்குக்கும் சேத்து நானே கூடுதலா போட்டுடுவேன், ரெப் சொல்றதவிட அந்த ரெண்டு பேர் சொல்றதுக்கு மதிப்பு அதிகம். ஆனா எழுத்தாளரே வேற வேற குரல்ல போன் பண்ணி "இந்த புக் இருக்கா"ன்னு கேக்குறதும் உண்டு, அது எங்களுக்கு தெரிஞ்சிடும் 😄

நூலகத்தாய்:

நான் லைப்ரரில அக்விசிஷன் பாக்குறேன், அதாவது வாங்குற பிரிவு. கடைக்காரங்க கவலை வேற, எங்க கவலை வேற. அவர் "மூணு மாசத்துல போகுமா, போகலன்னா திருப்பலாமா"ன்னு பாப்பாரு. எங்களுக்கு திருப்புறதுங்குறதே பெரும்பாலும் கிடையாது, ஒரு தடவை முத்திரை குத்தி லேபிள் ஒட்டியாச்சுன்னா எங்களோடது. அதனால நாங்க பாக்குறது இத யாரு எடுப்பாங்க, எங்ககிட்ட இந்த விஷயத்துல என்ன இருக்கு என்ன இல்ல, எத்தனை கை மாறினா கிழியும்.

உங்க தேனீ புக்கையே எடுத்துக்குவோம். லைப்ரரில விஷயவாரியா புக்க அடுக்குற டியூயி எண் முறைப்படி அது 638.1. நான் முதல்ல எங்க அடுக்குல 638.1-ல என்ன நிக்குதுன்னு பாப்பேன். இருக்கதெல்லாம் இருபது வருஷ பழசு, ஆனா கிழியுற அளவுக்கு ஓடியிருக்குன்னா, புதுசு ஒண்ணு தேடிட்டேதான் இருப்பேன். அப்ப உங்க புக் கண்ணுல பட்டா உடனே எடுப்பேன், நீங்க பேர் தெரியாத ஆளா இருந்தாலும். நாவல், கவிதைக்கெல்லாம் இந்த அதிர்ஷ்டம் கிடையாது, அங்க பேர்தான் பேசும். சொந்தமா போடுறவங்களுக்கு குறிப்பிட்ட விஷயத்தப் பத்தின புக்தான் லைப்ரரிக்குள்ள நுழைய சுலபமான வழின்னு நான் அடிச்சு சொல்லுவேன்.

எப்படி கண்ணுல படும்னா பல வழி. விமர்சனப் பத்திரிகைங்க இருக்கு, லைப்ரரி ஜர்னல் 1876-ல இருந்து வருது, புக்லிஸ்ட் 1905-ல இருந்து. இதெல்லாம் வாசகனுக்காக இல்ல, எங்களுக்காகவே "வாங்கலாமா வேணாமா"ன்னு நாலு வரில எழுதுறது. அதுல வரணும்னா புக் வெளிவர்றதுக்கு மூணு நாலு மாசம் முன்னாடியே முன்பிரதி அவங்க கைல இருக்கணும். வெளிவந்த பிறகு அனுப்பினா பெரும்பாலும் திரும்பிக்கூட பாக்க மாட்டாங்க. நெட்கேலி மாதிரி தளத்துல டிஜிட்டல் முன்பிரதி போட்டா எங்கள மாதிரி ஆளுங்க எடுத்து படிப்போம், பிடிச்சா உள்ளயே பேச்சு ஓடும்.

பெரிய லைப்ரரி, யுனிவர்சிட்டி லைப்ரரில எல்லாம் தலைப்பு தலைப்பா மனுஷன் பாக்குறதே குறைவு. 1960கள்ல இருந்து அப்ரூவல் பிளான்னு ஒரு முறை இருக்கு. எங்களுக்கு எந்தெந்த துறை, எந்த மட்டம், எந்த மொழி வேணும்னு சப்ளையர்கிட்ட ஒரு புரொஃபைல் எழுதி குடுத்துடுவோம், அதுக்கு பொருந்துற புது புக்கு தானா வந்துடும். ஈபுக்குல இன்னும் ஒரு படி மேல, நாங்க வாங்காமயே கேட்டலாக்ல ரெக்கார்ட மட்டும் ஏத்தி வச்சிடுவோம், வாசகர் திறந்து ஒரு அளவுக்கு மேல படிச்சா அப்பதான் தானா வாங்கினதா கணக்காகும். வாசகருக்கு இது நடக்குறதே தெரியாது. ஈபுக்குன்னு சொன்னதும் ஞாபகம் வருது, அத நாங்க சொந்தமா வாங்குறதுன்னு நினைச்சுக்காதீங்க, பல நேரம் லைசென்ஸ்தான். 2011-ல ஹார்ப்பர்காலின்ஸ் பதிப்பகம் "26 தடவை கடன் குடுத்ததும் காலாவதி"ன்னு கொண்டு வந்தப்ப லைப்ரரிக்காரங்க கொதிச்சே போயிட்டாங்க, இன்னிக்கு வரைக்கும் அந்த சூடு ஆறல.

இலவசமா ஒரு காப்பி குடுத்தா வைப்பாங்களான்னு கேட்டீங்க. பாவம், எல்லாரும் இதத்தான் நினைக்கிறாங்க. எங்களுக்கு புக்கோட விலை மட்டும் செலவு இல்ல தம்பி. அத கேட்டலாக் பண்ணணும், உறை போடணும், லேபிள், பார்கோடு ஒட்டணும், அடுக்குல இடம் குடுக்கணும். கேட்டலாக் ரெக்கார்ட மார்க்னு சொல்லுவோம், வேற லைப்ரரி ஏற்கனவே போட்டு, வேர்ல்ட்கேட்ங்குற லைப்ரரிகளோட பொது கேட்டலாக்ல ஏத்தியிருந்தா அத இறக்கி நாலு நிமிஷத்துல முடிச்சிடுவேன். யாருமே போடலன்னா நான்தான் மொத்தத்தையும் புதுசா எழுதணும், அதுக்கு ஆள் இல்லாத லைப்ரரில உங்க இலவச காப்பி பின்னாடி ரூம்ல பெட்டிலயே கிடக்கும், இல்ல வருஷாந்திர பழைய புக் விற்பனைக்குப் போகும். குடுக்குறதுக்கு முன்னாடி அவங்க நன்கொடை விதி என்னன்னு கேட்டுட்டு குடுங்க. அதவிட நல்லது, உங்க வாசகர்கள லைப்ரரில இருக்க பரிந்துரை ஃபாரத்துல எழுதச் சொல்லுங்க. மெம்பர் கேட்டா நாங்க பாத்தே ஆகணும், எழுத்தாளர் கேட்டா பாக்கலாம் பாக்காமலும் போகலாம்.

அப்புறம் ஸ்பைரல் பைண்டிங், உள்ள எழுதி நிரப்புற மாதிரி பக்கம், கிழிச்சு எடுக்குற சார்ட், இதெல்லாம் இருந்தா வேணாம்னு வச்சிடுவோம், முதல் ஆளே எழுதி நாசம் பண்ணிடுவாரு. முதுகுல தலைப்பு இல்லாத ஒல்லி புக்கும் கஷ்டம், அடுக்குல சொருகினா இருக்க இடம் தெரியாது.

தேனீத்தம்பி:

அடேங்கப்பா, எல்லாருக்கும் ரொம்ப நன்றி, இவ்ளோ கிடைக்கும்னு எதிர்பார்க்கல. சில சந்தேகம். புக் பேரு "பொன்சிறகு"ன்னு வச்சிருக்கேன், அத வச்சு ஏதும் பிரச்சனை வருமா? ஆர்டர் வர வர அச்சடிக்கிற முறைல போட்டா கடைக்காரங்க ஒத்துக்குவாங்களா? இன்னும் ஆறு வாரத்துல வெளியிடலாம்னு இருந்தேன், நூலகத்தாய் அக்கா சொன்னத பாத்தா தள்ளிப் போடணும் போலயே. நூறு காப்பி தனியா அச்சடிச்சு வீட்லயும் வச்சுக்கலாமா?

கிடங்குப்பூனை:

பொன்சிறகுன்னா நான் கவிதைத் தொகுப்புன்னு நினைச்சிருப்பேன். பேர் அழகு, மாத்த வேணாம், ஆனா உபதலைப்பு கண்டிப்பா வேணும், "வீட்டுத் தோட்டத்தில் தேனீ வளர்ப்பு" அப்படின்னு ஏதாவது. அட்டைல மட்டும் இல்ல, டேட்டால உபதலைப்புன்னு தனி கட்டம் இருக்கு, அதுல ஏத்துங்க. தேடுறவங்க "தேனீ"ன்னுதான் தட்டுவாங்க, பொன்னுன்னு இல்ல. அறிமுக வரிகள்லயும் முதல் வரிலயே தேனீ வந்துடணும், "இயற்கையின் மடியில் ஒரு பயணம்"னு ஆரம்பிச்சீங்கன்னா முடிஞ்சது.

ஆர்டருக்கு அச்சடிக்கிறது தாராளமா பண்ணலாம், ஹோல்சேலர் லிஸ்ட்லயும் வரும். 1997-ல லைட்னிங் சோர்ஸ்னு இப்படி அச்சடிச்சுக் குடுக்குற கம்பெனி ஆரம்பிச்சதுல இருந்து இது பழகின விஷயம்தான், பெரிய பதிப்பகங்களே பழைய புக்குகளுக்கு இததான் பண்றாங்க. ஆனா கவனிக்க வேண்டியது, ரிட்டர்ன் உண்டுன்னு டிக் பண்ணினா திரும்பி வர்ற காப்பியோட செலவு உங்க தலைலதான் விழும். ஒரு கடை ஆர்வத்துல முப்பது எடுத்து இருபத்தஞ்ச திருப்பிச்சுன்னா அந்த மாச கணக்குல உங்களுக்கு வரவுக்கு பதில் பாக்கி நிக்கும். ரிட்டர்ன் இல்லன்னு போட்டா கடை எடுக்காது. இதுக்கு நடுவுல வழி இல்ல, எந்த வலி தாங்கும்னு நீங்கதான் முடிவு பண்ணணும்.

அடுக்குக்காரன்:

என்னைக் கேட்டா முதல் வருஷம் ரிட்டர்ன் இல்லாம லிஸ்ட் பண்ணிடுங்க, தேடி வர்றவனுக்கு கிடைக்கும். நூறு காப்பி வீட்ல வச்சுக்கிறது நல்ல யோசனை. அத வச்சு பக்கத்துல ரெண்டு மூணு தனிக்கடைல மட்டும் நேரா பேசி வித்ததும் காசுன்னு வைங்க. செயின் கடைக்கு போகாதீங்க, அங்க வாங்குறவர் தலைமை ஆபீஸ்ல உக்காந்திருப்பாரு, கடைல இருக்க பையனுக்கு ஒரு புக் சேக்கக்கூட அதிகாரம் இருக்காது. உங்கள திருப்பி அனுப்பினதும் அப்படிப்பட்ட கடையா இருக்கலாம். போகும்போது ஒரு பக்கத் தாள் கொண்டு போங்க, அட்டைப்படம், ஐஎஸ்பிஎன், விலை, டிஸ்கவுண்ட், எங்க ஆர்டர் பண்ணலாம், அவ்ளோதான், உங்க வாழ்க்கை வரலாறு வேணாம். சனி ஞாயிறு போகாதீங்க.

நூலகத்தாய்:

தேதிய தள்ளிப் போடுங்க, நல்லதுதான். பெரிய பதிப்பகம்னா அச்சுக்கு முன்னாடியே கேட்டலாக் விவரத்த வாங்கி காப்பிரைட் பக்கத்துல போட்டுடுவாங்க, அமெரிக்காவோட லைப்ரரி ஆஃப் காங்கிரஸ் 1971-ல ஆரம்பிச்ச சிஐபி திட்டம் அப்படித்தான் நடக்குது. சொந்தமா போடுறவங்களுக்கு அந்த திட்டத்துல இடம் இல்ல, ஆனா லைப்ரரி வேலை தெரிஞ்ச யாரையாவது வச்சு அதே மாதிரி விவரம் எழுதி வாங்கிப் போட்டுக்கலாம், எனக்கு கேட்டலாக் வேலை பாதி குறையும். எங்களுக்கு பட்ஜெட் வருஷம்னு ஒண்ணு உண்டு, வருஷக் கடைசில காசு தீர்ந்த சமயத்துல வந்து கேட்டா எவ்ளோ நல்ல புக்கா இருந்தாலும் கைய விரிக்கதான் முடியும், அதையும் கேட்டு வச்சுக்குங்க.

அப்புறம் புக் பின்னாடி இண்டெக்ஸ் போட்டிருக்கீங்களா? இந்த மாதிரி செய்முறை புக்குல நான் முதல்ல பின்பக்கத்ததான் திறப்பேன். ராணித் தேனீ, புழு நோய், மெழுகுன்னு தேடி பக்கம் எடுக்க முடியலன்னா வாசகருக்கும் பிரயோஜனம் இல்ல. லேஅவுட் முழுசா முடிஞ்சு பக்க எண் நின்ன பிறகுதான் அத போட முடியும், அதுக்குன்னு தனியா ரெண்டு வாரம் ஒதுக்கிட்டு தேதிய குறிங்க.